முகம் அறியாக் கொடை: பெருஞ்சித்திரனார் பாடல்களில் தேவையும் விழுமியமும்

புறநானூற்றின் 204ஆம் பாட்டு முதலாகத் தொடர்ந்து வரும் சில பாட்டுக்களை ஒருசேர வைத்துப் பயில்வார், அந்நூலைத் தொகுத்தவரின் உள்ளக்கிடை ஒன்றனை உய்த்துணரலாம். வல்வில் ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாட்டு, இரத்தல், மறுத்தல், கொடுத்தல், கொள்ளாமை என்னும் நான்கனையும் இழிவு உயர்வுகளாக நிறுத்துப் பார்த்து, கொள்ளாமையை எல்லாவற்றினும் மேலே வைக்கின்றது. அடுத்த பாட்டிற் பெருந்தலைச் சாத்தனார், விருப்பமின்றி ஈவார் வேந்தரேயாயினும் அவர் கொடை தமக்கு வேண்டா என்கின்றார். அதனை அடுத்து ஔவையார், பரிசில் நீட்டித்த அதியமானின் வாயில் காவலனை விளித்துச் சினந்து பேசிப் புறப்படுகின்றார். பின்னர் வரும் 207, 208 ஆகிய இரண்டும் பெருஞ்சித்திரனார் பாடியவை. இரண்டிலும் அவர் பரிசிலைக் கொள்ளாது நீங்குகின்றார்.

இப்பாட்டுக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘புலவர் பெருமிதம்’ என்ற ஒரு தொடரால் அமைவு காண்பர். பெருமிதம் என்பது ஒரு பெயர். அதனால் விளக்கம் கிடைத்துவிட்டதாகக் கொள்ளுதல் இயலாது. பசியால் வாடும் ஒருவன் கைக்கு வந்த பொருளை ஏன் மறுக்கின்றான்? மறுத்தவன் வேறோரிடத்தில் இரந்து பெற்று மகிழ்வது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு அத்தொடர் விடை தாராது. மனிதனைச் செயலுக்குத் தூண்டுவது எது, அவன் வாழ்வை நிறைவுடையதாக்குவது எது என இன்றைய உளநூலார் ஆராயும் பொருளும் இதுவே. ஆதலின் அவர்தம் கருத்துக்கள் சிலவற்றைப் பெருஞ்சித்திரனார் பாட்டுக்களின் அருகே வைத்துப் பார்க்க யாம் முயல்கின்றோம். பாட்டை உளநூலுக்குச் சான்றாக்குவது எம் நோக்கமன்று. பாட்டால் உளநூற் கருத்துத் திருத்தம் பெறுமிடமும் உண்டு என்பதே எம் துணிபு.

புறநானூற்றுள் பெருஞ்சித்திரனார் பெயரால் வழங்குவன பத்துப் பாட்டுக்கள். அவற்றுள் 158 முதல் 161 வரையுள்ளவை முதிரமலைத் தலைவன் குமணனைப் பற்றியன. 162 இளவெளிமானை நோக்கியது. 163 தம் மனைவிக்குச் சொல்லியது. 207 மீண்டும் இளவெளிமானைப் பற்றியது. 208 அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றியது. 237, 238 ஆகிய இரண்டும் வெளிமான் இறந்தபோது பாடிய கையறுநிலை. ஒரு புலவரின் வறுமை, வேட்கை, மறுப்பு, பேறு, இழப்பு ஆகிய அனைத்தும் இவ்வாறு ஒருங்கு கிடைத்தல் சங்கத் தொகைகளில் அரிது.

வறுமையிலிருந்து தொடங்குவோம். 159ஆம் பாட்டில் வரும் தாய், வாழ்நாள் நீண்டதனை நொந்தவளாய், கோலைக் காலாக ஊன்றி, கண் மறைந்து, முற்றத்துக்கும் போக மாட்டாதவள். மனைவியோ பிள்ளைகள் பலராலும் பிசைந்து மெல்லப்பட்ட மார்பினள். குப்பைமேட்டில் முளைத்த கீரையின் முற்றாத தளிரைக் கிள்ளி, உப்பின்றி, மோரின்றி, வெந்நீரில் வேகவைத்து, சோற்றை மறந்தே போய் அவ்விலைக் கறியை உண்கின்றாள். 160ஆம் பாட்டில் ஒரு சிறுவன் வருகின்றான். அவன் உணவில்லாத வீட்டை வெறுத்து மறந்து திரிபவன். வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகின்றதென அச்சுறுத்துகின்றாள், திங்களைக் காட்டுகின்றாள், தந்தை மேல் உனக்குள்ள சினத்தைக் காட்டு என்கின்றாள். இவ்விரண்டு பாட்டும் பரிசில் கடாநிலை என்னும் துறையின்பாற் படுவன. புரவலன் நெஞ்சை இளக்கும் பொருட்டு வறுமையை மிகுத்துரைத்தல் அத்துறைக்கு இயல்பு என்பாரும் உளர். இருப்பினும், தந்தை மேல் சினம் கொள்ளுமாறு பிள்ளையிடம் தாய் கூறுவதனைத் தந்தையே பாட்டில் வைத்துப் பாடுவது மரபு தந்த வாய்பாடாக எமக்குத் தோன்றவில்லை.

இத்துணைப் பசியைச் சொன்ன அதே 159ஆம் பாட்டு, இறுதியில் ஒரு நிபந்தனையை முன்வைக்கின்றது. மனமின்றித் தரும் பரிசில் உயர்ந்த கொம்புகளையுடைய யானையேயாயினும் கொள்ளேன். நீ உவந்து, இன்புற்றுத் தருவையாயின் சிறிய குன்றிமணியளவும் கொள்வேன் என்கின்றார். உப்பில்லாக் கீரையையும் யானை மறுப்பையும் ஒரே பாட்டில், ஒரே மூச்சில் கேட்கின்றோம். இங்கேதான் ஆராய்ச்சிக்குரிய இடர்ப்பாடு பிறக்கின்றது.

அமெரிக்க உளநூலாராகிய ஆபிரகாம் மாசுலோ 1943ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார். உடலின் தேவைகள், பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன்னிறைவாக்கம் என்பன அவை. கீழுள்ள தேவை ஒருவாறு நிறைவுற்ற பின்னரே மேலுள்ளது தலைதூக்கும் என்பது அக்கொள்கையின் சுருக்கம். இதனைப் படிகளாகவும் முக்கோணமாகவும் வரைந்து காட்டும் பழக்கம் பின்வந்தோரால் ஏற்பட்டது. மாசுலோ அம்முக்கோணத்தை வரைந்தாரல்லர். படிமுறையை அப்படியே ஏற்பின் 159ஆம் பாட்டின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒருவர் வாய்மொழியாதல் பொருந்தாது. பசித்தவனுக்கு முதற்கண் சோறு வேண்டும். மதிப்பு என்னும் எண்ணம் உண்ட பின்னரே எழ வேண்டும். மாசுலோவுக்கும் இத்தடை தெரியாததன்று. உயர்ந்த இலக்கும் விழுமியமும் உடையோர் அவற்றின் பொருட்டு எல்லாவற்றையும் துறப்பர் என அதே கட்டுரையில் அவர் விலக்குக் கூறியுள்ளார். ஆயினும் விலக்காக வைத்தமையின், விழுமியம் பசியோடு எவ்வாறு உடன் வாழ்கின்றது என்பது விளக்கம் பெறாது நின்றுவிட்டது.

ஈண்டுத் தேவை என்பதனையும் விழுமியம் என்பதனையும் பிரித்துக் கொள்ளுதல் நன்று. தேவை என்பது கிடையாதபோது மனிதன் வாடுவதற்கு ஏதுவாவது; அதனை அவன் தேர்ந்து கொள்வதில்லை. விழுமியமோ எது சிறந்தது, எதன் பொருட்டு எதனை விடலாம் என ஒருவன் கொண்டுள்ள மதிப்பீடு. பிறரால் அறியப்பட வேண்டும் என்பது தேவை. யாரால், எவ்வாறு அறியப்பட்டால் அது அறியப்படுதலாகும் என்பதனை வரையறுப்பது விழுமியம். புறநானூற்றுப் புலவர் இவ்வரையறையை ‘வரிசை’ என்ற சொல்லால் குறித்தனர். மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் பாடிய 121ஆம் பாட்டு இதற்குச் சிறந்த விளக்கம். கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது என்று கூறி, புலவரிடத்து எல்லாரையும் ஒருபடித்தாக நோக்கும் நோக்கினை ஒழிக என்று அவ்வள்ளலுக்கு அவர் அறிவுரை பகர்கின்றார். காரி கொடாதவன் அல்லன், நிறையக் கொடுப்பவன். குறை கொடையின் அளவில் இல்லை.

இவ்வொளியில் 207, 208 ஆகிய இரண்டனையும் நோக்குவோம். அதியமானிடம் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் பல கடந்து சென்றார். அவனோ அவரைக் காணாமலே, இதனைக் கொண்டு செல்க எனப் பொருளனுப்பினான். என்னைக் காணாத மன்னன் என்னை எவ்வாறு அறிந்தான் என்று கேட்கின்றார் புலவர். காணாது தந்த பொருளைக் கொண்டு போதற்குத் தாம் பண்டம் மாற்றும் வணிகரைப் போன்ற இரவலர் அல்லர் என்கின்றார். தம் அளவறிந்து தருவாராயின் தினையளவேயாயினும் அஃது இனிது என முடிக்கின்றார். அப்பொருள் சிறிது என்ற குறிப்புப் பாட்டில் யாண்டும் இல்லை.

207ஆம் பாட்டின் நிலை சற்று வேறுபட்டது. இங்கே புரவலனாகிய இளவெளிமான் புலவரை அருகிலேயே காண்கின்றான். கண்டும் அறியாதவன் போல் இருக்கின்றான். உள்ளம் மலராது, முகம் கெட்டு வரும் அப்பரிசிலை முயற்சியில்லாதோர் விரும்பினும் விரும்புக. வருக என எதிர்கொள்ளத்தக்க வரிசையுடையோர்க்கு உலகம் பெரிது, பேணுவார் பலர் எனத் தம் நெஞ்சுக்குக் கூறி எழுகின்றார். பாட்டின் கீழுள்ள கொளு, வெளிமான் இறக்கும் நிலையில் தம்பியைப் பரிசில் கொடுக்கச் சொல்ல, அவன் சிறிது கொடுத்தமையால் புலவர் கொள்ளாது போயினார் என உரைக்கின்றது. இதன்கண் யாம் வேறுபடுகின்றோம். சிறுமை என்னும் காரணம் கொளுவில் உளது, பாட்டில் இல்லை. பாட்டில் உள்ள காரணம் முகம். கொளுவெழுதியவர் பரிசிலின் அளவைக் கண்டார். புலவர் பரிசில் வந்த வழியைக் கண்டார். பின்வந்த உரைகளும் பள்ளி நூல்களும் கொளுவின் வழியே சென்றமையால், சிறுகொடையை இகழ்ந்த செருக்குடையவராகப் பெருஞ்சித்திரனார் பலர் மனத்தில் நிலைபெற்றுவிட்டார். குன்றிமணியும் தினையும் போதும் என்று இருமுறை சொன்ன ஒருவருக்கு இது நேர்ந்தது வருந்தத்தக்கதே.

ஆகவே அதியமான் காணாமல் அறியாதவன். இளவெளிமான் கண்டும் அறியாதவன். இருவேறு குறைகளுக்கும் வேர் ஒன்றே. 238ஆம் பாட்டு இதற்கு மறுதலையாய் நின்று துணை செய்கின்றது. தம்மை அறிந்த வெளிமான் மறைந்தபோது, மழையிரவில் மரக்கலம் கவிழ்ந்து கடலில் வீழ்ந்த கண்ணில்லாத ஊமன் ஒருவனோடு தம்மை ஒப்பிடுகின்றார். அவனால் கரையைக் காணவும் இயலாது. தன்னைக் காண்குமாறு பிறரைக் கூவவும் இயலாது. ஊதியம் தந்தவன் இறந்தமைக்கு இவ்வுவமை பொருந்துமா? தன்னை அறிந்த கண்ணை இழந்தவனுக்கே இது பொருந்தும்.

மாசுலோவுக்குப் பின் இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுவோர் எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரையன் ஆகிய இருவர். 1985ஆம் ஆண்டு வெளிவந்த அவர்தம் நூலும் அதன் பின்னர் வளர்ந்த ஆராய்ச்சிகளும் தன்வயம், திறம், உறவு என்னும் மூன்றனை உள்ளத்தின் அடிப்படைத் தேவைகளாகக் கொள்கின்றன. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் அடுக்கவில்லை. மூன்றும் எந்நிலையிலும் உடன் நிற்பவை. ஒன்று சிதையினும் ஊக்கமும் நலமும் குன்றும். புறநானூற்றுக்கு ஏணியைவிட இவ்வமைப்பு அணுக்கமானது. உலகம் பெரிது எனப் பெருஞ்சித்திரனார் எழுந்து போவது தன்வயம். கோடரியோடு காடு புகுந்த தச்சன் பிள்ளைக்கு மரம் கிடைக்குமாறு கலைவல்லோர்க்கு எங்கும் உணவு கிடைக்கும் என ஔவையார் தேறியிருப்பது திறம். உறவு என்பது மேலே கண்ட அறிதல்.

இனி, இக்கொள்கையின் வித்தாக அமைந்த ஓர் ஆய்வு உண்டு. 1971இல் டெசி, கல்லூரி மாணவர் சிலருக்குக் கட்டைகளை இணைத்து உருவம் அமைக்கும் புதிர்களைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் அளித்தார். காசு நின்ற பின்னர், காசு பெற்றவர் அப்புதிர்களில் முன்போல் ஈடுபடவில்லை. 1973இல் இலெப்பர், கிரீன், நிசுபெட்டு என்போர் சிறு குழவிகளிடத்து நிகழ்த்திய ஆய்வு இன்னும் நுட்பமானது. படம் வரைந்தால் பரிசு உண்டு என முன்னரே சொல்லப்பட்ட குழவிகள் பின்னர் வரைதலில் நாட்டம் குன்றின. முன்சொல்லாது பரிசு பெற்ற குழவிகளிடத்து அக்குறைவு தோன்றவில்லை. பரிசின் பொருள் ஒன்றே. அது வந்த வழி வேறு. 1999இல் டெசியும் பிறரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு அகத்தெழும் ஊக்கத்தைக் குறைப்பதும், திறத்தைப் பாராட்டும் சொல் அதனை வளர்ப்பதும் பெரும்பான்மை எனக் கூறினர். இம்முடிபை மறுத்தெழுதியோரும் உளர்.

இவ்வாய்வுகளைக் கொண்டு, பரிசில் பாட்டின் ஊக்கத்தைக் கெடுக்கும் எனச் சங்கப் புலவர்க்கு உரைப்பின் அது நகைப்புக்கிடமாகும். பெருஞ்சித்திரனார் பரிசிலை வேண்டுகின்றார், வெளிப்படையாகக் கேட்கின்றார். பாடுதல் அவர்க்கு ஓய்வுநேர விளையாட்டன்று. பொருட்பரிசு, பாராட்டு என இரண்டாகப் பகுக்கும் ஆய்வகப் பாகுபாடும் அவர்பால் செல்லாது. அவர் கேட்பது பாராட்டாகவே அமைந்த பொருள். பொருளும் பாராட்டும் ஒன்றாக வரும் கொடை குன்றிமணியாயினும் நிறையும். பாராட்டினின்று பிரிந்த பொருள் யானையாயினும் விலையாகச் சுருங்கும். டெசி பிற்காலத்தில் ஆட்டிவைக்கும் பரிசு, அறிவிக்கும் பரிசு என வகுத்தது இவ்வுண்மையை ஒட்டியதே. ஆயினும் கொடுப்பவனின் மகிழ்ச்சி அங்கே பேசப்படுவது குறைவு. 159ஆம் பாட்டோ, நீ இன்புற்றுத் தருவையாயின் என்று அதனையே முதன்மையாக்குகின்றது. பெறுவோன் நிறைவு கொடுப்போன் நிறைவில் தங்கியிருக்கின்றது.

அதே பாட்டில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. காட்டை எரித்து விதைத்த புனத்தில் கதிரீனாது நின்ற தினைக்கு மழை பெய்தாற்போலக் கொடுப்பவன் குமணன் எனப் புலவர் புகழ்கின்றார். கொடைக்கு மழையை உவமை கூறுதல் பழைய வழக்கு. ஆனால் மழை ஆளறிந்து பெய்வதில்லை. கபிலர் காரியிடத்துக் கண்ட குறை மழையின் குறையே. அதனாற்போலும், மழையால் புகழ்ந்த பெருஞ்சித்திரனார் அவ்வளவில் நில்லாது, உவந்து தருக என்னும் நிபந்தனையையும் சேர்க்கின்றார்.

பத்துப் பாட்டும் ஒரு தரத்தன அல்ல. 162ஆம் பாட்டைப் பலர் பெரிதும் பாராட்டுவர். குமணனிடம் பெற்ற யானையைக் கொணர்ந்து இளவெளிமானின் காவல்மரத்திற் கட்டி, இரப்போரும் உளர், ஈவோரும் உளர், காண்பாயாக எனக் கூறிச் செல்லும் காட்சி மேடைக்கு ஏற்றது; கேட்போர் கைதட்டுவர். எனினும் 208இல் தினையளவு போதும் என்றவர் இங்கே யானையின் உயரத்தையே சான்றாக்குகின்றார். தம்மை அறியாதவன் கண்முன் நின்று தம் மதிப்பை நிறுவ வேண்டிய தேவை அவர்க்கு ஏற்படுகின்றது. இகழ்ந்தவன் பார்வையினின்று 207இல் விடுபட்டுப் போனவர், 162இல் அப்பார்வைக்கே திரும்பி வருகின்றார். சினம் இயல்பானதே. ஆயினும் தன்வயம் என்னும் அளவையால் நோக்குமிடத்து 162ஐ 207க்கு நிகராக வைத்தற்கில்லை.

இனி எஞ்சியிருப்பது கடுமையான வினா. புலவரின் மறுப்புக்கு விலை கொடுத்தவர் யார்? யானையை மறுப்பேன் எனக் குமணன் முன் நின்று சொல்லும்போது குப்பைக் கீரையை வேகவைப்பவள் மனைவி. ஒருவரின் விழுமியம் மற்றொருவரின் பசியில் நிற்கலாமோ? பெருமிதத்தைப் புகழும் திறனாய்வுகள் இவ்வினாவைத் தொடாமல் கடந்துவிடுகின்றன. புலவர் கடந்தாரல்லர். முன்னே கண்ட, தந்தைமேற் சினம் காட்டு என்ற தாயின் சொல் அதற்குக் கரி. அடுத்து 163ஆம் பாட்டும் கரியாகும்.

குமணன் தந்த வளத்தோடு இல்லம் மீண்டவர் மனைவியை நோக்கிப் பேசுகின்றார். உன்னை விரும்பி உறைவோர்க்கும், நீ விரும்பி உறைவோர்க்கும், உன் சுற்றத்து மூத்த மகளிர்க்கும், நம் சுற்றத்தின் கடும்பசி தீர நெடுங்காலமாகக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு. இன்னார்க்கென்று எண்ணாதே, என்னையும் கலந்து கொள்ளாதே, இதனை வைத்துக்கொண்டு நன்றாக வாழ்வோம் என்றும் கருதாதே என்பன அவர் கூற்றின் பொருள். சலோம் சுவார்த்சு என்னும் உளநூலார் 1992இல் இருபது நாடுகளின் தரவுகளைக் கொண்டு விழுமியங்கள் பத்தனை வட்டமாக அமைத்தபோது, தன்னை உயர்த்தும் விழுமியங்களையும் பிறர் நலம் பேணும் விழுமியங்களையும் எதிரெதிரே வைத்தார். தம் வரிசையை இத்துணை வற்புறுத்திய ஒருவரே பெற்றது முழுவதையும் ஊரார்க்கு விடுவது அவ்வட்டத்தில் எளிதில் அடங்காது. பரிசில் அவர்க்கு அறியப்படுதலின் அடையாளமாதலின், அறியப்பட்ட அளவில் அதன் வேலை முடிந்தது. எஞ்சிய பொருளைச் சேர்த்து வைப்பதில் அவர்க்கு நாட்டமில்லை.

குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி அவ்வளவே திருப்பித் தரும் கைம்மாற்று. இச்சொல் இங்கு வருவதனை யாம் முதன்மையாகக் கருதுகின்றோம். புலவர் குன்றும் மலையும் கடந்து வரிசை தேடித் திரிந்த நாட்களில், அண்டை மனைகளில் நாழி கொண்டு கடன் வாங்கி வீட்டை நிறுத்தியவள் இவள். அம்மனைகளோடு இவள் காத்த உறவின்மேல் புலவரின் தன்வயம் நின்றது. 163ஆம் பாட்டு அக்கடன்காரரைப் பெயர் சுட்டாவிடினும் வரிசையில் நிறுத்துகின்றது. கொடுக்கும் உரிமையை அவள் கையில் வைத்து, என்னைக் கேளாதே என்கின்றது. அரசன் தம்மை அறிய வேண்டும் எனக் கேட்டவர், வீட்டில் தாம் அறிந்ததனை இவ்வாறு காட்டுகின்றார் எனக் கொள்ளலாம். வறுமையிலும் அவளைக் கலவாது மறுத்தவர், வளத்திலும் அவளைக் கலவாதே எல்லார்க்கும் கொடு என ஏவுகின்றார் எனக் கொள்ளுதற்கும் இடமுண்டு. யாம் முன்னையதன் பக்கமே சாய்கின்றோம். குறியெதிர்ப்பை தந்தவரை நினைவுகூர்ந்தமையே அதற்குக் காரணம். பின்னையதனை முற்றிலும் தள்ளுதற்குப் பாட்டு உதவவில்லை. மனைக்கிழத்தியை விளித்துத் தொடங்கும் உரை குமணன் பெயரோடு முடிகின்றது. அவள் மறுமொழி நூலில் இடம்பெறவில்லை.